காதர் பாய் பூசிய ஈயம்

இதை எழுதுவதற்கென்று மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. அடுத்த வரி வராது. கடைசியில் மூன்றையும் ஸ்ரீராமஜெயம் எழுதி நிரப்பிவிட்டேன். சாமி பேரை எழுதியது வீண் போகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் எழுத வேண்டியதை எழுதாமல் தள்ளிப்போடுவதற்கு அந்தப் பேரையே ஒரு மறைப்பாக வைத்துக்கொண்டேன் என்பதும் எனக்குத் தெரியும். போன மாதம் கண்ணில் புரை எடுத்தார்கள். எழுத்து மறுபடி பளிச்சென்று தெரிகிறது. இனிமேல் சொல்வதற்குச் சாக்கு இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். நீங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். பழத்திலிருந்து ஸ்பிரிட்டை வைத்துச் சத்தை இறக்குவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. எங்கள் காலத்து முறையில் பாதி இன்றைக்கு எதற்கும் உதவாது. ஒரே ஒரு தடவை கெட்டுப்போன சாற்றைப் பற்றியும், அதனால் கெட்டுப்போன ஒரு மனிதரின் பேரைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சிக்கு வெளியே, மேல்சித்தாமூர் பக்கம் போகிற ரோட்டில் ஒரு கொட்டகை இருந்தது. ஊரில் நெல்லிக்கா கம்பெனி என்பார்கள். முதலாளி மேல்சித்தாமூர்க்காரர், சமணர். அவர்கள் ஆட்களை நயினார் என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்களும் அவரை அப்படித்தான் சொன்னோம். பட்டணத்தில் ரசாயனம் படித்துவிட்டு வந்து, நிலத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் ஆரம்பித்தார். மலையோரத்துக் காட்டு நெல்லியை வாங்கி, இடித்து, ஸ்பிரிட் ஊற்றி ஊறவைத்து, வடிகட்டி, ஸ்பிரிட்டை வாலை என்கிற வடிபாத்திரத்தில் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுத்துவிட்டால், அடியில் தேன் மாதிரி ஒரு பாகு நிற்கும். அதைப் பட்டணத்து மருந்துக் கம்பெனிக்கு அனுப்புவோம்.

நீங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறீர்கள். நாங்கள் சத்து என்றுதான் சொன்னோம். ஒருநாள் நயினாரிடம், இது உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று கேட்டேன். காற்றுப் பட்டால் எண்ணெய் காறிப்போகிறது, வெட்டின பழம் கறுக்கிறது, பார்த்திருக்கிறாய் அல்லவா, இந்தச் சத்து மட்டும் கூட இருந்தால் முன்னால் போய் நின்று அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், தான் கெட்டு மற்றதைக் காப்பாற்றும் என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

அவருடைய கொட்டகையில் இரண்டு சட்டம். நெல்லிக்காய் ஒவ்வொன்றையும் கீறிப் பார்த்துத்தான் இடிக்க வேண்டும். உள்ளே புழு இருந்தால் அதை நசுக்காமல் எடுத்து வேலியோரத்துச் செடியில் விட வேண்டும். இதற்காகவே நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். புழுவுக்குக் கூலி கொடுக்கிற கம்பெனி என்று ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டது உண்டு. ஆனால் எங்கள் பாகு போல் சுத்தமான பாகு வேறெங்கும் வரவில்லை என்று மருந்துக் கம்பெனியே எழுதியது.

இரண்டாவது சட்டம், பொழுது சாய்ந்த பிறகு எந்தப் பாத்திரமும் திறந்திருக்கக் கூடாது. விளக்கைத் தேடி வருகிற பூச்சி சாற்றில் விழுந்து செத்துவிடும் அல்லவா. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்குவதற்குள் வடித்த சாறெல்லாம் அண்டாவுக்குப் போய், மூடி, துணி கட்டியாக வேண்டும். மலை மேற்கே இருப்பதால் எங்களுக்குப் பொழுது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமே போகும்.

ஸ்பிரிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மதுவிலக்குக் காலம். பீப்பாய் சர்க்கார் முத்திரையோடு வரும், அதிகாரி வந்து அளந்து பார்ப்பார். எங்களுக்கு அது வேலைச் சாமான். ஊருக்கு அது சாராயம். நான் வீட்டுக்குப் போனால் என் மனைவி கிணற்றடியிலேயே நிறுத்தி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். பஸ்ஸில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னாப்பா, நெத்தியில இவ்ளோ விபூதி, வாயில இவ்ளோ வாசனை" என்று கேட்டுவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். வாசனை சட்டையில்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பத்துக்குத் தெருக்கோடி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அபிஷேகத் தண்ணீர் எடுக்கிற கட்டளை உண்டு. அப்பா காலத்திலிருந்து வருவது. அதற்கான செம்பு அண்டா எங்கள் வீட்டுப் பொறுப்பில்தான் இருக்கும். ஸ்பிரிட் கம்பெனியில் வேலை செய்கிறவன் அந்த அண்டாவைத் தொடலாமா என்று தெருவில் ஒரு பேச்சு வந்து, நாட்டாமைக்காரர்தான் குளித்துவிட்டுத் தொட்டால் தோஷம் இல்லை என்று தீர்த்து வைத்தார். அந்தப் பேச்சு எப்போது மறுபடி கிளம்புமோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இனி காதர் பாய். செஞ்சி கடைத்தெருவில் ஈயம் பூசுகிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், என்னை அண்ணே என்பார். நான் அவரைப் பாய் என்பேன். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அதுதான் தொழில். ஊரில் பித்தளைப் பாத்திரம் வைத்திருந்த வீடெல்லாம் அவர் கைக்கு வந்துதான் அடுப்புக்குப் போகும். எங்கள் கொட்டகையிலும் மூன்று பித்தளை அண்டாக்கள், ஒரு செம்பு வாலை, எல்லாவற்றுக்கும் உள்பக்கம் ஈயம் அவர்தான் பூசுவார். நெல்லிச் சாறு புளிப்பு. ஈயம் இல்லாத செம்பிலோ பித்தளையிலோ நின்றால் பச்சைக் களிம்பு ஏறும். இரும்பில் பட்டால் மைபோல் கறுத்துவிடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் தப்புச் செய்தேன்.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் காதர் பாய் துருத்தியைக் கொட்டகைக்கே கொண்டுவந்து, வாலைக்கும் மூன்று அண்டாவுக்கும் புதிதாக ஈயம் பூசினார். ஆள் வந்திருக்கிறாரே என்று கோயில் அண்டாவையும் கொண்டுபோய், தை வெள்ளிக்குப் பளபளவென்று தேய்த்துக் கொடுக்கச் சொன்னேன். புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தார். உள்ளே ஈயம் பூசிவிடட்டுமா என்று கேட்டார். சாமி பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதில்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன். சரிதான் அண்ணே என்று துருத்தியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மத்தியானமே போய்விட்டார்.

அன்றைக்கு நயினார் இல்லை. ஏதோ விரத நாள் என்று மேல்சித்தாமூர் மடத்துக்குப் போயிருந்தார். சாறு வழக்கத்தைவிட அதிகம். மூன்று ஈய அண்டாவும் நிரம்பிவிட்டன. நான்காவதாக ஒரு எனாமல் அண்டா உண்டு, இப்படிப்பட்ட நாளுக்கென்றே வைத்திருந்தது. அதை இழுக்கும்போது உரலில் இடித்து, உள்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. கீழே இரும்பு தெரிந்தது. அதில் ஊற்றினால் விடிவதற்குள் மைக்கூடு ஆகிவிடும்.

மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வடிகட்டின சாறு ஒரு அண்டா அளவு தொட்டியில் திறந்தபடி நிற்கிறது. பூச்சி வரத் தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம் என்று இன்றைக்கு உங்களைக் கேட்டால் நாலு வழி சொல்வீர்கள். மண்பானை வாங்கியிருக்கலாம். தொட்டியையே துணியால் மூடியிருக்கலாம். நயினாருக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயிலில் காய்ந்து தகதகவென்று நின்ற கோயில் அண்டாதான் கண்ணில் பட்டது.

அப்போது மனது ஒரு நியாயம் சொன்னது பாருங்கள். அந்த அண்டாவில் வெள்ளிக்கு வெள்ளி தயிர் ஊற்றுகிறோம், எலுமிச்சம்பழச் சாறு ஊற்றுகிறோம், நெல்லிமுள்ளிப் பொடியையே கரைக்கிறோம். ஒரு நாளாவது களிம்பு ஏறியிருக்கிறதா? அம்மன் பாத்திரம், அம்மனுக்கு ஆகிற பழம், ஒரு ராத்திரிதானே என்றது. அபிஷேகத்தில் ஊற்றின வேகத்தில் எடுத்துக் கழுவிவிடுகிறோம், அதனால்தான் களிம்பு ஏறவில்லை என்பது அந்த நேரம் புத்திக்கு எட்டவில்லை. பக்தியும் அவசரமும் ஒன்றாகச் சேர்ந்தால் அறிவு வெளியே போய் நின்றுகொள்ளும். ஊற்றி, மூடி, துணி கட்டிவிட்டேன்.

கட்டின பிறகுதான் இன்னொன்று உறைத்தது. சாற்றில் பாதி ஸ்பிரிட். அம்மன் அண்டாவில் சாராயம் ஊற்றியிருக்கிறேன்.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய் அண்டாவைத் திறந்தேன். சாறு தெளிவாக இருந்தது. பச்சை இல்லை, கறுப்பு இல்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று கும்பிட்டுவிட்டு, நாலு அண்டாச் சாற்றையும் வாலையில் ஒன்றாகக் கொட்டினேன். கோயில் அண்டாவைப் புளி, சாம்பல், மஞ்சள் எல்லாம் போட்டுக் கழுவி, மூன்று தடவை தண்ணீர் நிறைத்துக் கவிழ்த்து, கோயிலுக்குக் கொண்டுபோனேன். கொட்டகை நோட்டில் எந்தச் சாறு எந்தப் பாத்திரத்தில் நின்றது என்று எழுதுவது என் வேலை. நான்காவது எனாமல் என்று எழுதிவைத்தேன்.

பாகு இறங்கியது. நயினார் சோதனை செய்தார். அப்போது எங்கள் சோதனை எளிது. பாகைக் கரைத்து, கஞ்சித் தண்ணீர் கலந்து, காயத்துக்குப் போடுகிற அயோடின் டிங்சரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. சத்து இருக்கும் வரை டிங்சரின் நிறத்தைத் தின்றுவிடும். சத்து தீர்ந்ததும் தண்ணீர் நீலமாக நிற்கும். எத்தனை சொட்டுக்கு நீலம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அன்றைக்கு வழக்கமான சொட்டுக் கணக்கில் பாதிகூட விடவில்லை, நீலம் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, அதே நீலம். பார்ப்பதற்குப் பொன் மாதிரி இருக்கிற பாகு, உள்ளே பாதி உயிர்கூட இல்லை.

நயினார் கோபக்காரர் இல்லை. மெதுவாக யோசித்தார். பழம் அதே பழம், ஸ்பிரிட் அதே பீப்பாய், ஆட்கள் அதே ஆட்கள். நோட்டைப் பார்த்தார், புதிதாக ஒன்றும் இல்லை. அந்த வாரம் மாறியது ஒன்றே ஒன்றுதான், ஈயம். வெள்ளீயத்தில் காரீயம் கலந்து பூசினால் மலிவு என்று எல்லாருக்கும் தெரியும்.

காதர் பாயை வரவழைத்தார்கள். அவர் மேல்துண்டில் ஒரு வெள்ளை மூலையைக் கிழித்து, வாலைக்குள் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். காரீயம் இருந்தால் துணியில் கறுப்பு விடும். துணி வெள்ளையாகவே இருந்தது. நயினார் அதைப் பார்த்தார், நீல நிறத்து டம்ளரையும் பார்த்தார். துணி சொல்கிறதைவிட டம்ளர் சொல்வதை நம்புகிறவர் அவர். இனிமேல் இந்த வேலைக்கு வர வேண்டாம் பாய் என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மன் அண்டா தப்புச் செய்யாது என்று உண்மையாகவே நம்பினேனா, நம்பினால் சௌகரியம் என்று நம்பினேனா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து, பழைய ஈயத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். சாறு அளவாக வந்தது, மூன்று அண்டாவிலேயே அடங்கியது. அடுத்த பாகு பிரமாதமாக இறங்கியது. நயினார் சோதனையில் டிங்சர் பாட்டிலே தீர்ந்துபோனது.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். கெட்ட பாகு காதர் பாயைச் சந்தேகப்பட வைத்தது, அவ்வளவுதான். நல்ல பாகுதான் அவரைக் குற்றவாளி ஆக்கியது. ஆளை மாற்றினார்கள், சரியாகிவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றது ஊர். மாறியது ஒன்று என்று நயினார் நினைத்தார். மாறியது இரண்டு என்பது எனக்கு மட்டும் தெரியும். இரண்டாவதை நான் நோட்டில் எழுதவில்லை. ஒரு சோதனை சரியாக வந்துவிட்டால் அதற்கு நாம் நினைத்த காரணம்தான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். எழுதாமல் விட்டது என்ன என்று பாருங்கள்.

கடைத்தெருவில் பேச்சு வளர்ந்தது. நயினார் கம்பெனிக்கே காரீயம் பூசினவன் நம் வீட்டுப் பாத்திரத்துக்கு என்ன பூசியிருப்பான் என்றார்கள். பூசக் கொடுத்திருந்த பாத்திரங்களைப் பூசாமலே திரும்ப எடுத்துப் போனார்கள். பொங்கல் கழிந்து கல்யாணக் காலம், அண்டாவும் தவலையுமாக அவர் கடை வாசல் நிரம்பிக் கிடக்கிற மாதம் அது. நான் அந்தப் பக்கம் போனபோது துருத்தி சுவரோரம் மடங்கிக் கிடந்தது. அதன் பிறகு கடைத்தெரு வழியாகப் போகாமல் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றியபடியே நின்றார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு சாறு நாலு அண்டா வந்துதுன்னு பொம்பளைங்க சொல்றாங்க. நான் ஈயம் வச்சது மூணு. நாலாவது இன்னாதுல இருந்துது?"

எனாமல் அண்டாவில் என்றேன்.

"அது தொட்டிகிட்ட கவுந்து கெடக்குது. நான் வந்து நின்னன்னிக்கே பாத்தேன். உள்ள சில்லு பேந்து துரு ஏறியிருக்குது. அதுல ஊத்தியிருந்தா மையாட்டம் வந்திருக்கும். உனக்குத் தெரியாததாண்ணே?"

 அவர் மேலே கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்திருந்த கோயில் அண்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரக்காரர் கண் அது. பிறகு, சரி, வரேன்ணே என்று மிதித்துப் போய்விட்டார்.

என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மன் பாத்திரத்தில் செய்த பாவத்துக்கு என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை, நாளைக்கு அம்மன் கேட்டால் என்ன சொல்வேன் என்று அழுதேன். அவள் அழவில்லை.

"அம்மன் கேட்டா அப்ப சொல்லிக்கலாம். அந்த பாய் கேட்டுட்டுப் போறாரே, அதுக்கு இன்னா சொன்னீங்க?"

மறுநாள் மூன்று பாத்திரத்தில் நெல்லிச் சாறு பிழிந்து வைத்தேன். ஒரு கண்ணாடி டம்ளர், காதர் பாய் எப்போதோ ஈயம் பூசிக் கொடுத்த எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு, ஈயம் பூசாத பூஜைச் செம்புப் பாத்திரம். விடிந்ததும் மூன்றையும் கொஞ்சம் காய்ச்சி ஆறவைத்து, கஞ்சித் தண்ணீரும் டிங்சருமாக உட்கார்ந்தேன். கண்ணாடியில் நின்றதும் ஈயத்தில் நின்றதும் அநேகமாக ஒரே சொட்டுக் கணக்கு. செம்பில் நின்றது பாதிகூட வரவில்லை. அதன் நிறத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற களிம்பு பிறகுதான் வரும், சத்தைத் தின்கிற வேலையை அதற்கு முன்னாலேயே செம்பு முடித்துவிடுகிறது. நாலு அண்டாவில் ஒன்று அப்படி இருந்தால் போதும், வாலையில் சேர்ந்ததும் மற்ற மூன்றையும் அது கெடுத்துவிடும்.

மூன்றையும் நயினாரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு டிங்சரை எடுத்து அவரே ஒரு தடவை சொட்டுவிட்டுப் பார்த்தார். என்னைத் திட்டுவார், வேலையைவிட்டு நிறுத்துவார் என்று நின்றேன்.

"கெடுத்தது உன் கை. ஆளைத் தண்டிச்சது என் வாய். வா, போலாம்" என்றார்.

கோயில் பாத்திரம் என்பதை மட்டும் வெளியே சொல்லிவிட வேண்டாம், தெருவில் குடியிருக்க முடியாது என்று வழியெல்லாம் கெஞ்சினேன்.  அவர் நடந்தே வந்தார், வண்டி வைக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் கடைத்தெருவில் நடந்து வருவதைப் பார்த்து ஆட்கள் கூடிவிட்டார்கள். அதில் எங்கள் தெரு நாட்டாமைக்காரரும் இருந்தார். நயினார் காதர் பாய் கடை முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உன் ஈயத்தில் குற்றம் இல்லை, குற்றம் எங்கள் பக்கம், என்னை மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினார்.

கூட்டத்தில் ஒருவன் விடவில்லை. எங்கள் பக்கம் என்றால் யார், என்ன குற்றம் என்று கேட்டான். நயினார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் நான் என்று அவர் விட்டுவிட்டார். நாட்டாமைக்காரரும் என்னைத்தான் பார்த்தார். என் நாக்கு எழவில்லை.

காதர் பாய்தான் பேசினார். "பாத்திரம் ஒண்ணு மாறிப்போச்சுப்பா, அவ்ளோதான். போங்க, போய் வேலையப் பாருங்க."

கூட்டம் கலைந்தது. ஆனால் பாதிப் பேர் அதை நம்பவில்லை என்பது அவர்கள் போன விதத்திலேயே தெரிந்தது. நயினார் இரக்கப்பட்டு வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டுதான் போனார்கள். என்ன பாத்திரம், எப்படி மாறியது என்று சொல்லாத உண்மை அரை உண்மைதானே.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். உனக்குத்தான் தெரிந்துவிட்டதே, ஏன் பாய் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா ஆவும்? கோயில் அண்டாவுல சாராயம்னு ஆரம்பிப்பானுங்க. அப்புறம் அத தேச்சவன் யாருன்னு கேப்பானுங்க. உனக்குத் தெரு இருக்காது, எனக்கு ஊரே இருக்காது. இப்ப உள்ளவங்க ஆத்திரம் அடங்கட்டும். ஆனா ஒண்ணுண்ணே, எங்கிட்ட நீ சரி பண்ணிட்ட. ஊர்ல சரி பண்ண வேண்டியது பாக்கி இருக்குது. அது உன் பாடு."

நயினார் எல்லாப் பாத்திரத்தையும் மறுபடி அவரிடமே கொடுத்தார். ஆனால் ஒரு கொட்டகையின் வேலை ஒரு குடும்பத்துக்குப் போதாது. வீட்டுப் பாத்திரங்கள் முன்போல் வரவில்லை. அடுத்த நெல்லிக் காலம் வருவதற்குள் அவர் மாமனார் ஊரான ஆரணிக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். போகிற அன்று நான் பஸ் நிலையத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பிறகு சில வருஷம் கழித்து அவர் காலமாகிவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

கொட்டகை அதற்கப்புறம் கொஞ்ச காலம் நடந்தது, பிறகு மூடிவிட்டார்கள். நான் பட்டணத்துப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனேன். கண்ணாடியும் எவர்சில்வரும்தான் அங்கே, ஈயம் பூசுகிற வேலையே கிடையாது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் புதிய ஆட்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள், என்னையும் உட்காரச் சொன்னார்கள். பாடம் எடுத்த பையன் கெட்டிக்காரன், அவன்மேல் தப்பில்லை. உலோகம் எப்படிச் சத்தைக் கெடுக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், ஒரு கதை சொன்னான். முன்காலத்தில் செஞ்சிப் பக்கம் ஒரு நெல்லிக் கம்பெனி, அங்கே ஒரு பாய் காசுக்கு ஆசைப்பட்டு ஈயத்தில் காரீயம் கலந்தார், சாறெல்லாம் பாழ், ஆளை மாற்றினதும் சரியாகிவிட்டது, ஆகையால் சாமான் கொண்டுவருகிறவனை நம்பாதே என்று முடித்தான். வகுப்பே சிரித்தது. குறித்துக்கொண்டார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்குப் பயப்பட என்ன இருந்தது? அந்தத் தெருவிலும் நான் இல்லை. நாட்டாமைக்காரரும் இல்லை. கோயிலுக்குப் புது அண்டா வாங்கி வைத்து, அங்கப்பிரதட்சணம் செய்து, அம்மனிடம் சொல்ல வேண்டியதை எப்போதோ சொல்லி முடித்திருந்தேன். அப்படியும் எழுந்து நிற்கவில்லை. முதல் தடவை வாய் மூடினது பயத்தால். இரண்டாவது தடவை வாய் மூடினது பழக்கத்தால். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அந்தக் கதை இன்னும் நடமாடுகிறது என்று கேள்விப்படுகிறேன். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதினேன்.

வேலையில் தப்பு வரும். பாத்திரம் மாறும், கை தவறும், பொழுது போய்விடும். அதையெல்லாம் நோட்டில் உள்ளபடி எழுதிவிட்டால் அது தப்போடு நின்றுவிடும். எழுதாமல் விட்டால் அது போய் இன்னொருவர் தலையில் உட்காரும். அவருக்குத் துணி கிழித்துக் காட்ட வேண்டிய கதி வரும். சாமிக்குப் பயந்து மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமிக்குப் பயந்தவன் உண்மையைத்தான் சொல்லியிருப்பான். நான் பயந்தது தெருவுக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக எதையும் மழுப்பாதீர்கள். அண்டா கோயில் அண்டா, அதில் ஊற்றியது ஸ்பிரிட், நோட்டில் பொய் எழுதியது நான். கதை நன்றாக இருக்கட்டும் என்று பாயைப் பெரிய மகானாக்கவும் வேண்டாம். அவருக்கு அது தேவைப்படவில்லை. அவர் கேட்டதெல்லாம் தொழிலில் சுத்தமானவன் என்ற பேர் மட்டும்தான்.

செஞ்சி கடைத்தெரு காதர் பாய் பூசிய ஈயம் நல்ல வெள்ளீயம். அதில் ஒரு குறையும் இல்லை.